லூவியப் படவெழுத்தைக் கணினியில் ஏற்றும்போது வரும் பிழைகள்: அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழிமுறை

லூவியம் என்ற பழைய மொழியை எழுதப் பயன்பட்ட படவெழுத்து இது. இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் பேரரசர்களின் முத்திரைகளிலும், பேரரசு சரிந்த பிறகு எழுந்த சிற்றரசுகள் கர்கமிஷ், ஹமா, கராதெப்பே போன்ற இடங்களில் வெட்டிய கல்வெட்டுகளிலும் இருக்கிறது. கி.மு. 700 வாக்கில் வழக்கொழிந்தது. 2015 ஜூனில் வந்த யூனிகோடு 8.0இல்தான் இதற்கு இடம் கிடைத்தது. அட்டவணையில் லூவியம் என்று தேடினால் அகப்படாது. அங்கே இதன் பெயர் அனடோலியன் ஹைரோகிளிஃப்ஸ். மொத்தம் 583 குறிகள், பதினறும எண்ணில் 14400 முதல் 14646 வரை. அதையே பதின்மத்தில் சொன்னால் 82944 முதல் 83526 வரை. கீழே பைட்டுகளையும் யூனிகோடு எண்களையும் பதின்மத்திலேயே தருகிறோம். பதினறுமம் வரும் இடத்தில் அதைச் சொல்லிவிடுவோம்.

இந்த எழுத்தில் பிழை ஐந்து அடுக்குகளில் வரும்: பைட்டு, யூனிகோடு எண், எழுத்துரு, எந்தக் குறி என்ற அடையாளம், அந்தக் குறியை எப்படி வாசிப்பது என்ற முடிவு. திரையில் கோளாறு தெரிந்ததும் எழுத்துருவை மாற்றத் தொடங்குவதுதான் பலரும் செய்வது. எந்த அடுக்கில் கோளாறு என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள், குறிப்பாகத் தரவை.

## எதற்கும் முன்னால்: ஒரு சோதனைச் சரம்

கராதெப்பேயில் உள்ள இருமொழிக் கல்வெட்டின் (லூவியமும் ஃபினீசியமும்) லூவியப் பகுதி "எகோ-மி" என்று தொடங்குகிறது. "நான் (இன்னார்)" என்று, அதை வெட்டுவித்த அஸாதிவாதா தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இடம். இரண்டே குறிகள். முதலாவது தன்னையே சுட்டிக்காட்டும் மனித உருவம், லாரோஷ் எண் (அறிஞர் லாரோஷின் குறிப்பட்டியலில் உள்ள எண்) 1, யூனிகோடு எண் 82944. இரண்டாவது நான்கு செங்குத்துக் கோடுகள், "மி" என்ற அசை, லாரோஷ் எண் 391, யூனிகோடு எண் 83387.

இந்த இரண்டு குறிகளை மட்டும் ஒரு கோப்பில் யூடிஎஃப்-8ஆகச் சேமித்து, பைட்டுகளைப் பதின்மத்தில் காட்டும் கருவியில் திறந்து பாருங்கள். வரவேண்டியது இதுதான்:

240 148 144 128
240 148 150 187

எட்டு பைட்டு, இரண்டு குறி. இந்தத் தொகுதியில் எந்தக் குறியை எடுத்தாலும் முதல் இரண்டு பைட்டு 240, 148 ஆகவே இருக்கும். மூன்றாவது 144க்கும் 153க்கும் இடையில் வரும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி நோயைக் கோப்பைத் திறந்த உடனே கண்டுபிடித்துவிடலாம். உங்கள் செயலியின் ஒவ்வொரு கட்டத்திலும், அதாவது உள்ளீடு, தரவுத்தளம், ஏற்றுமதி, பக்கம் என்று ஒவ்வொன்றிலும், இந்தச் சரத்தை அனுப்பி வெளியே எடுத்துப் பாருங்கள். எட்டு பைட்டும் அப்படியே வந்தால் அந்தக் கட்டம் சுத்தம்.

தமிழைப் போட்டுச் சோதிப்பது இங்கே பயன்படாது. தமிழின் யூனிகோடு எண் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டு, லூவியக் குறி நான்கு பைட்டு. தமிழில் எந்தக் குறையும் காட்டாத அமைப்பு லூவியத்தில் முதல் குறியிலேயே விழுந்துவிடும். (2019இல் யூனிகோடு 12.0இல் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகளும் இதே நான்கு பைட்டுப் பகுதியில்தான் இருக்கின்றன. இங்கே செய்யும் திருத்தம் அவற்றுக்கும் உதவும்.)

## வெறும் கட்டங்கள் தெரிகின்றன

பைட்டுகள் சரியாக இருந்தால் இது எழுத்துருக் கோளாறு மட்டுமே, தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபயர்ஃபாக்ஸில் கட்டத்துக்குள் சின்னதாகப் பதினறும எண் தெரியும். அது 014400க்கும் 014646க்கும் நடுவில் இருந்தால் நிம்மதியாக நோட்டோ சான்ஸ் அனடோலியன் ஹைரோகிளிஃப்ஸ் எழுத்துருவை நிறுவுங்கள், அல்லது பக்கத்திலேயே ஏற்றுங்கள்.

எழுத்துருவை ஏற்றிய பிறகும் கட்டமே வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். எழுத்துருவைச் சுருக்கும்போது 14400–14646 என்ற பதினறும வரம்பைச் சொல்லாமல் விட்டிருந்தால் குறிகள் எல்லாம் வெட்டுப்பட்டிருக்கும், கோப்பின் அளவு சந்தேகப்படும்படி சிறியதாக இருக்கும். சிஎஸ்எஸ்ஸில் யூனிகோடு-ரேஞ்ச் எழுதும்போது ஓர் இலக்கம் விடுபட்டு 1440 என்று ஆகியிருக்கலாம். நீங்களே செய்த எழுத்துரு என்றால், எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்று சொல்லும் சிமேப் அட்டவணை அதனுள் 4ஆம் வடிவத்தில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வடிவத்தால் 65535க்கு மேற்பட்ட எண்ணைச் சுட்டவே முடியாது, 12ஆம் வடிவம் கட்டாயம் வேண்டும்.

கட்டத்துக்குள் இருக்கும் எண் 'இ' அல்லது 'எஃப்' என்ற பதினறும எழுத்தில் தொடங்கும் நான்கு இலக்கமாக இருந்தால் கதை வேறு. அது தனியார் பயன்பாட்டுப் பகுதி. 2015க்கு முன் ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஓர் எழுத்துரு செய்து, அந்தப் பகுதியில் குறிகளை விருப்பப்படி அடுக்கிக்கொண்டது. அந்த எழுத்துருவின் அட்டவணை கையில் இல்லாமல் அதை மாற்ற முடியாது. பழைய கோப்போடு எழுத்துருக் கோப்பையும் சேர்த்து வாங்கி வையுங்கள். எழுத்துரு கிடைத்துவிட்டால் மாற்று அட்டவணையைக் குறி வடிவத்தைப் பார்த்துக் கையால்தான் செய்ய வேண்டும். சில நூறு வரிகள்தான், ஒரே தடவை செய்யும் வேலை.

## கேள்விக்குறிகளாக வருகின்றன

ஒரு குறிக்கு எத்தனை கேள்விக்குறி என்று எண்ணுங்கள்.

ஒன்று என்றால், நடுவில் ஒரு நிரல் குறியைச் சரியாகவே புரிந்துகொண்டது, ஆனால் அடுத்த கட்டத்தின் குறிமுறையில் அதற்கு இடம் இல்லாததால் மாற்றிவிட்டது. இரண்டு என்றால் குறி யூடிஎஃப்-16இல் இரண்டு துண்டாக இருந்தபோது ஒவ்வொரு துண்டையும் தனி எழுத்தாக நினைத்திருக்கிறது. பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் அல்லது ஜாவா நிரலில், சரத்தை எண்ணால் வெட்டும் இடத்தில் இருக்கும். அவற்றில் "எகோ-மி"யின் நீளம் 2 அல்ல, 4. முதல் மூன்றை எடு என்றால் "மி" பாதியாகப் பிளந்துவிடும். நான்கு கேள்விக்குறி என்றால் பைட்டுகளையே எழுத்தாக வாசித்திருக்கிறது.

மூன்று நிலையிலும் கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டது திரும்ப வராது. மூலக் கோப்பிலிருந்துதான் மறுபடி ஏற்ற வேண்டும்.

கேள்விக்குறி இல்லாமல் நீளம் மட்டும் பொருந்தாமல், கோப்பில் ஒரு குறிக்கு ஆறு பைட்டு இருந்து, அவை 237 160 145 என்று தொடங்கினால், அது செசு-8 என்ற குறிமுறை. யூடிஎஃப்-16இன் இரண்டு துண்டையும் தனித்தனியாக மூன்று பைட்டாக எழுதியது. ஆரக்கிளில் யூடிஎஃப்8 என்ற பெயரில் இருக்கும் குறிமுறை இதுதான், அங்கே ஏஎல்32யூடிஎஃப்8 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜாவாவின் ரைட்-யூடிஎஃப் முறையும் இப்படித்தான் எழுதும். இந்தச் சேதம் முழுதாக மீளக்கூடியது: பைத்தானில் சரோகேட்பாஸ் விருப்பத்தோடு யூடிஎஃப்-8ஆக வாசித்து, அதே விருப்பத்தோடு யூடிஎஃப்-16ஆக எழுதி, மறுபடி யூடிஎஃப்-16ஆக வாசித்தால் குறி ஒன்றாகிவிடும்.

## ஐஸ்லாந்து எழுத்தும் மேற்கோள் குறியும் வருகின்றன

ஒவ்வொரு குறியும் "எத்" என்ற ஐஸ்லாந்து எழுத்தில் தொடங்கி, அடுத்து மூடும் இரட்டை மேற்கோள் வந்தால், யூடிஎஃப்-8 கோப்பை விண்டோஸ்-1252 என்று திறந்திருக்கிறீர்கள். 240உம் 148உம் அந்தக் குறிமுறையில் அப்படித்தான் தெரியும். கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட்டு, யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறங்கள். சேமித்துவிட்டிருந்தால் கவனம்: 144, 129, 141 போன்ற பைட்டுகளுக்கு விண்டோஸ்-1252இல் எழுத்தே கிடையாது. சில மென்பொருள்கள் அவற்றைக் கைவிட்டுவிடும். எகோ குறியில் 144 இருக்கிறது, மி குறியில் இல்லை. அதனால்தான் தலைகீழாக மாற்றும்போது "மி" மீண்டு வந்து "எகோ" வராமல் போகிறது. பாதிக் கல்வெட்டு மட்டும் திரும்பி வந்தால் காரணம் இதுதான்.

## சீன எழுத்தாகவோ, முக்கோணமும் புள்ளியுமாகவோ மாறிவிட்டது

அரிதாகப் பயன்படும் சீன எழுத்துகள் வந்தால், பதினறும எண் 14400இன் முதல் 1 உதிர்ந்து 4400 ஆகியிருக்கிறது. அந்த இடம் சீன எழுத்துகளின் விரிவாக்கத் தொகுதி. ஜாவாஸ்கிரிப்டில் ஃப்ரம்-கேர்-கோட் என்ற பழைய செயற்கூறு 16 பிட்டுக்கு மேலே இருப்பதை வெட்டிவிடும், அதற்குப் பதில் ஃப்ரம்-கோட்-பாயின்ட் பயன்படுத்துங்கள். கெட்டுப்போன தரவில் ஒவ்வொரு எண்ணோடும் 65536 கூட்டினால் குறி திரும்பிவிடும், இழப்பு எதுவும் இல்லை.

முக்கோணம், வளைவு, சிறு புள்ளி என்று கனடாவின் பழங்குடி மொழிகளின் எழுத்து வந்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் இலக்கமோ எழுத்தோ ஒட்டிக்கொண்டிருந்தால், நிரலில் பின்சாய்வுக்கோடும் சின்ன யூவும் போட்டுப் பதினறுமத்தில் 14400 எழுதியிருக்கிறீர்கள். அந்த வடிவம் நான்கு இலக்கத்தோடு நின்றுவிடும்: 1440 ஓர் எழுத்து, மீதி 0 தனி. பைத்தானில் பெரிய யூ போட்டு எட்டு இலக்கமாக 00014400 என்று எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் சின்ன யூவுக்குப் பின் நெளிவு அடைப்புக்குள் எழுதுங்கள். சிஎஸ்எஸ்ஸில் எப்போதும் ஆறு இலக்கமாக 014400 என்று எழுதிவிட்டால் அடுத்து வரும் எழுத்தை விழுங்காது.

வேர்டில் 14400 என்ற பதினறும எண்ணைத் தட்டி ஆல்ட்-எக்ஸ் அழுத்தும் வழி சரிதான். ஆனால் முன்னால் இடைவெளி இல்லாமல் ஓர் எண்ணோ, ஏ முதல் எஃப் வரையிலான எழுத்தோ இருந்தால் அதையும் சேர்த்து வாசித்துவிடும்.

## சேமித்தால் பாதியோடு நிற்கிறது. எதைத் தேடினாலும் எல்லாம் வருகிறது

இரண்டும் மைஎஸ்கியூஎல் நோய்கள். அங்கே யூடிஎஃப்8 என்ற பழைய பெயர் மூன்று பைட்டு வரை மட்டுமே ஏற்கும். கண்டிப்பான நிலையில் 1366 என்ற பிழை வரும், அது நல்லது. கண்டிப்பில்லாத நிலையில் வெறும் எச்சரிக்கையோடு, கேள்விக்குறியாக மாற்றிவிடும் அல்லது முதல் லூவியக் குறியோடு சரத்தையே வெட்டிவிடும். குறிக்குப் பின்னால் இருந்த ஒலிபெயர்ப்பும் (லத்தீன் எழுத்தில் தரும் வாசிப்பு) அதோடு போய்விடும். தீர்வு யூடிஎஃப்8எம்பி4. புலத்தை மட்டும் மாற்றினால் போதாது, இணைப்பின் குறிமுறையையும் மாற்ற வேண்டும். பழைய பதிப்பில் சுட்டுப்பட்டியல் (இன்டெக்ஸ்) 767 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு இருந்தால், 191 எழுத்துக்கு மேல் சுட்ட முடியாது.

அதைச் சரிசெய்ததும் அடுத்த நோய் வெளியே வரும். ஒரு குறியைத் தேடினால் 583 குறியும் வரும், தனித்தன்மை விதி போட்ட புலத்தில் இரண்டாவது குறியைச் சேர்க்கவே விடாது. காரணம் ஒப்பீட்டு விதி. ஜெனரல்-சிஐ, யூனிகோட்-சிஐ என்று முடியும் பழைய கொலேஷன்களில் 65535க்கு மேற்பட்ட எல்லா எழுத்துக்கும் ஒரே எடை, மைஎஸ்கியூஎல் கண்ணுக்கு எல்லாம் ஒரே எழுத்து. குறிகள் இருக்கும் புலத்துக்கு யூடிஎஃப்8எம்பி4-பின் என்ற பைனரி விதியைக் கொடுங்கள்.

ஒலிபெயர்ப்புப் புலத்துக்கும் பைனரிதான் வேண்டும். மைஎஸ்கியூஎல் 8.0இன் இயல்பு விதியான 0900-ஏஐ-சிஐ குறிகளைப் பிரித்து அறியும், ஆனால் உச்சரிப்புக் குறியையும் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டையும் பார்க்காது. லூவிய ஒலிபெயர்ப்பில் இரண்டும் உயிர்நாடி. பெரிய எழுத்தில் இருப்பது லத்தீன் பெயரிட்ட சொற்குறி (ஒரு முழுச் சொல்லைக் குறிக்கும் குறி), சிறிய எழுத்து அசை. "த" என்ற ஒலிக்கு எண் 100இல் உள்ள குறி வெறும் த, வலச்சாய்வு போட்டால் எண் 29, இடச்சாய்வு போட்டால் எண் 41. உச்சரிப்புக் குறியைக் கழற்றினால் மூன்று குறிகள் ஒன்றாகிவிடும். பின்னால் பிரிக்க எந்த நிரலாலும் முடியாது.

## குறி தெளிவாகத் தெரிகிறது, ஆனால் வேறு குறி

கட்டமோ கேள்விக்குறியோ வந்தால் கண் உடனே பிடித்துவிடும். அழகாகத் தெரியும் தவறான குறியை லூவியம் தெரிந்தவர்தான் பிடிக்க முடியும், அவரும் எல்லா வரியையும் பார்க்கப்போவதில்லை. இந்தப் பகுதியும் அடுத்ததும் அதனால்தான் நீளம்.

குறிகளின் எண்கள் எமானுவேல் லாரோஷ் 1960இல் வெளியிட்ட பட்டியலிலிருந்து வருகின்றன. யூனிகோடு பெயர்களும் அதையே பின்பற்றி ஏ001, ஏ391 என்று போகின்றன. அதைப் பார்த்து, 82944ஓடு லாரோஷ் எண்ணைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் யூனிகோடு எண் வந்துவிடும் என்று நிரல் எழுதிவிடுகிறார்கள். முதல் சில குறிகளுக்கு அது பொருந்தவும் செய்யும், சோதனையும் தேறிவிடும். ஆனால் ஏ045ஏ போல எழுத்து ஒட்டிய மாற்றுவடிவங்கள் இடையிடையே வருகின்றன. "மி"க்கு அந்தக் கணக்கில் 83334 வரும், உண்மை எண் 83387. 53 இடம் தள்ளி வேறு ஏதோ குறி அமர்ந்துகொள்ளும். கடைசிக் குறியின் பெயர் ஏ530, ஆனால் குறிகள் 583. இந்த ஒரு வேறுபாடே கூட்டல் கணக்கு செல்லாது என்பதற்குப் போதுமான சான்று.

யூனிகோடு பெயர்ப் பட்டியலைப் படித்து அட்டவணை உருவாக்குங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. பெயரின் கடைசிச் சொல்லை எடு என்று எழுதினால் பெரும்பாலானவற்றுக்குச் சரியாக வரும், ஆனால் 383ஆம் குறியின் பெயர் "ஏ383 ரா ஆர் ரி" என்று முடிகிறது. 410உம் 410ஏயும் சொற்குறியின் தொடக்கமும் முடிவும் என்ற விளக்கத்தோடு வருகின்றன. மூன்றாவது சொல்லை எடுங்கள், கடைசியை அல்ல. முன்னால் இருக்கும் சுழியங்களையும் கழற்றாதீர்கள். 1, 01, 001 மூன்றும் ஒரே அட்டவணையில் கலந்தால் இணைப்பு தவறும்.

பெயரைத் தேடினால் அப்படி ஓர் எழுத்தே இல்லை என்று பிழை வந்தால், மொழியின் உள்ளே இருக்கும் யூனிகோடு பட்டியல் பழையது. பைத்தானில் 3.5 முதலும், ஜாவாவில் 9 முதலும் 8.0 பட்டியல் இருக்கிறது.

## ஒலிபெயர்ப்பிலிருந்து குறிக்கு மாற்றினால் தப்பு வருகிறது

முதலில் கேட்க வேண்டியது: அந்த ஒலிபெயர்ப்பு எந்த ஆண்டுடையது? 1974 வாக்கில் ஹாக்கின்ஸ், மோர்புர்கோ டேவிஸ், நியூமன் ஆகிய அறிஞர்கள் நான்கு முக்கியக் குறிகளின் வாசிப்பை மாற்றிவிட்டார்கள். கிழக்குத் துருக்கியின் அல்டின்டெப்பேயில் கிடைத்த ஜாடிகளில் உரார்ட்டிய அளவுப் பெயர்கள் லூவிய எழுத்தில் இருந்தது அதற்கு ஒரு பெரிய சான்று. முன்பு "இ" என்று வாசித்த 376 இப்போது "ஸி". நெடில் "ஈ" என்ற 377 இப்போது "ஸ". "அ" என்ற 209தான் இப்போது "இ". நெடில் "ஆ" என்ற 210 "ய". பழைய பதிப்பில் "இ" என்று எழுதியதை இன்றைய அட்டவணையில் தேடினால் 376க்குப் பதில் 209 கிடைக்கும். இரண்டும் மிக அடிக்கடி வரும் குறிகள், ஆகவே கல்வெட்டு முழுவதும் கெட்டுப்போகும். 2010இல் இன்னும் இரண்டு மாறின: "த4", "த5" என்று வாசித்த 319, 172 ஆகியவற்றுக்கு லகர வாசிப்பு முன்வைக்கப்பட்டது.

ஆகவே ஒரே மாற்று அட்டவணை போதாது. 1974க்கு முன், 1974 முதல் 2010 வரை, அதற்குப் பின் என்று மூன்று வேண்டும். எந்த நூலுக்கு எது என்று ஒவ்வொரு பதிவிலும் குறித்து வையுங்கள். எந்த அட்டவணை பொருந்தும் என்று ஐயம் வந்தால் கராதெப்பே கல்வெட்டின் அஸாதிவாதா என்ற பெயரை எடுத்துப் பாருங்கள். ஃபினீசியப் பக்கத்தில் அந்தப் பெயர் ஸகர எழுத்தோடு இருக்கிறது, லூவியப் பக்கத்தில் அதற்கு நேராக 377 வர வேண்டும்.

இதையெல்லாம் தவிர்க்க உறுதியான வழி, தரவில் குறி எண்ணையும் வாசிப்பையும் இரண்டு புலங்களில் வைப்பது. கல்லில் இருக்கும் குறி மாறாது, அறிஞர்களின் வாசிப்பு மாறிக்கொண்டேதான் இருக்கும். வாசிப்பை மட்டும் சேமித்து, குறியை அதிலிருந்து கணக்கிட்டுக் காட்டும் அமைப்பு அடுத்த திருத்தத்தில் உடைந்துவிடும்.

வாசிப்பு மாறாத இடத்திலும் ஒலிபெயர்ப்பு ஒரு குறியை மட்டும் சுட்டுவதில்லை. மாட்டுத் தலை, எண் 105, சொற்குறியாக வரும்போது போஸ், அசையாக வரும்போது உ. இரண்டும் ஒரே குறிக்கே போக வேண்டும். மறுபக்கம், பேரரசன் என்பதை மாக்னுஸ்.ரெக்ஸ் என்று எழுதுகிறார்கள். அதற்கு எண் 18இல் ஒரே குறி இருக்கிறது. 363ஐயும் 17ஐயும் சேர்த்தும் எழுதலாம். நிரல் புள்ளியில் வெட்டினால் எப்போதும் இரண்டு குறிதான் வரும். படத்தைப் பார்த்து முடிவெடுங்கள், முடிவை ஒருமுறை எழுதி வைத்துத் திட்டம் முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

ஒலிபெயர்ப்பின் நிறுத்தக்குறிகள் தனித் தொல்லை. நட்சத்திரக் குறிக்கு இரண்டு வேலை: எண்ணுக்கு முன்னால் வந்தால் வாசிப்புத் தெரியாத குறியின் லாரோஷ் எண், "அ"வுக்கு முன்னால் வந்தால் எழுதுபவர் சொல்லின் முதல் அகரத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறார் என்று பொருள். இரண்டாவது வகையில் குறி வரிசையை மாற்றி, அகரத்தைச் சொல்லின் இறுதியில் வைக்க வேண்டும். சாய்வுக்கோட்டில் வெட்டாதீர்கள். "வ/இ" என்பது ஒரே குறி, எண் 439. "+ர/இ" என்பது முந்தைய குறியோடு ஒட்டி எழுதும் சிறு முள், எண் 383. யூனிகோடில் அதைத் தனி எழுத்தாகப் பின்னால் போட வேண்டும். ஒட்டவைப்பது எழுத்துருவின் வேலை, அது செய்யாவிட்டால் முள் தனியாகப் பக்கத்தில் நிற்கும். அதைப் பிழை என்று நினைத்துத் தரவைத் திருத்தாதீர்கள். ஆனால் 389 போன்ற குறியில், மூன்று கோட்டோடு முள்ளும் உள்ளேயே அடங்கியிருக்கிறது. அங்கே 383ஐ மறுபடி சேர்த்தால் இரண்டு முள் ஆகிவிடும்.

செங்குத்துக் கோடு சொற்பிரிப்பு, அது எண் 386. அந்தக் கோடு அட்டவணை எழுதும் பல வடிவங்களில் பத்திப் பிரிப்பும் கூட, அங்கே சொற்பிரிப்பு சத்தமில்லாமல் மறையும். சொற்குறியின் இருபுறமும் வரும் நேர் மேற்கோள்கள் 410, 410ஏ குறிகளுக்குப் பதிலாக நிற்பவை. வேர்டு அவற்றைச் சுருள் மேற்கோளாக மாற்றிவிட்டால் நிரல் அடையாளம் காணாது. தானியங்கி மாற்றத்தை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

எக்செல்லில் "-மி" என்றோ "+ர/இ" என்றோ தொடங்கும் கட்டம் சூத்திரமாகிப் பிழை காட்டும். கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகப் பத்தியை உரை என்று அறிவித்துத் திறங்கள். உச்சரிப்புக் குறியுள்ள எழுத்துகளை எல்லாக் கோப்பிலும் என்எஃப்சி வடிவுக்கு (எழுத்தும் உச்சரிப்புக் குறியும் ஒரே எண்ணாகச் சேர்ந்த யூனிகோடு வடிவம்) கொண்டுவாருங்கள். குறிகளுக்கு அந்த மாற்றத்தால் எதுவும் ஆகாது, அவற்றுக்குப் பிரிவடிவம் கிடையாது.

## கல்லில் ஒரு பக்கம் பார்க்கிறது, திரையில் மறுபக்கம் பார்க்கிறது

இது பிழை இல்லை. லூவியக் கல்வெட்டுகள் உழவுச் சால் போல வரிக்கு வரி திசை மாறும். மனிதத் தலையும் விலங்குத் தலையும் வரி தொடங்கும் பக்கத்தைப் பார்க்கும். யூனிகோடு எல்லாவற்றையும் இடமிருந்து வலமாக வைக்கிறது. தரவில் எப்போதும் வாசிக்கும் வரிசையிலேயே ஏற்றுங்கள், வரியின் திசையை வரித் தொடக்கக் குறிப்பில் பண்பாக எழுதுங்கள்.

வலமிருந்து இடம் காட்ட, திசை மாற்றும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தைச் சரத்துக்குள் நுழைக்காதீர்கள். வரிசை மாறும், தலை திரும்பாது. தேடலிலும் அந்த எழுத்து இடறும். காட்டும் இடத்தில் சிஎஸ்எஸ்ஸின் ஸ்கேல்-எக்ஸ் மதிப்பை -1 ஆக்குங்கள். வரி முழுவதும் கண்ணாடிபோலப் புரண்டு, வரிசையும் தலையும் ஒரே அடியில் சரியாகிவிடும். போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அந்த உறுப்பு இன்லைன் நிலையில் இருக்கிறது, இன்லைன்-பிளாக் ஆக்குங்கள். வரி எண்ணும் சேர்ந்து புரண்டால் எண்ணை அந்த உறுப்புக்கு வெளியே எடுங்கள்.

குறிகள் கல்லில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி இருப்பதும் வெறும் உரையில் வராது. மேலிருந்து கீழ், பிறகு அடுத்த அடுக்கு என்று வாசிக்கும் வரிசையில் ஏற்றி, அடுக்கின் எல்லையைக் குறிமொழியில் (மார்க்கப்) குறிக்கலாம். முத்திரைகளில் அரசன் பெயருக்கு இருபுறமும் பட்டங்கள் எதிரெதிராக நிற்கும். உரையில் ஒருமுறை மட்டும் ஏற்றி, சமச்சீர் என்று குறிப்பு எழுதுவதே எங்கள் பரிந்துரை. இரண்டு முறை ஏற்றினால் குறிகளின் எண்ணிக்கைக் கணக்கு பொய்யாகிவிடும்.

## வரி உடையாமல் பெட்டிக்கு வெளியே ஓடுகிறது. நடுவில் உள்ள குறியைத் தேடினால் கிடைக்கவில்லை

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். யூனிகோடு பண்புகளில் இந்தக் குறிகள் சாதாரண எழுத்துகள். இடைவெளி இல்லாத முப்பது குறியும் ஒரே சொல். உலாவி அதை உடைக்காது. தேடுபொறி அதை ஒரே சொல்லாகச் சுட்டிவைக்கும். திரைக்கு, ஓவர்ஃப்ளோ-ரேப் என்ற பண்பை எனிவேர் ஆக்குங்கள். தேடலுக்கு, குறி குறியாகப் பிரித்துச் சுட்டும் முறையை அமையுங்கள். பிரிப்பது யூனிகோடு எண் வாரியாக இருக்கட்டும், 16 பிட்டுத் துண்டு வாரியாக வேண்டாம்: இந்தத் தொகுதியில் எல்லாக் குறிக்கும் முதல் துண்டு ஒன்றேதான், ஆகவே பாதித் துண்டைத் தேடினால் எல்லாக் குறியும் பொருந்திவிடும். அகலமில்லா இடைவெளியைத் தரவில் தூவி வரியை உடைப்பது தேடலைக் கெடுக்கும்.

## பிடிஎஃப்பில் தெரிகிறது, நகலெடுத்தால் குப்பை

பிடிஎஃப்லாடெக்கில் இந்தக் குறியைப் போட்டால் பயன்பாட்டுக்கு அமைக்கப்படாத யூனிகோடு எழுத்து என்று பிழை வரும். ஸீலாடெக் அல்லது லுவாலாடெக்குக்கு மாறி, ஃபான்ட்ஸ்பெக் வழியாக எழுத்துருவைச் சொல்லுங்கள். நகல் மட்டும் கெட்டால், பிடிஎஃப்புக்குள் இருக்கும் டூ-யூனிகோடு அட்டவணையில் குறி இரண்டு துண்டாக எழுதப்படாமல் ஒரு துண்டாக இருக்கிறது. பிடிஎஃப் உருவாக்கும் கருவியைப் புதுப்பிக்க வேண்டும். சோதனைச் சரத்தை நகலெடுத்து ஒட்டி, எட்டு பைட்டு வருகிறதா என்று பாருங்கள்.

## கல்லில் இருக்கும் குறி அட்டவணையில் இல்லை, அல்லது சிதைந்திருக்கிறது

வடிவம் கொஞ்சம் மாறியிருந்தால் அது புதிய குறி ஆகாது. நினைவுச்சின்னங்களில் புடைப்பாகச் செதுக்கியதும், அஸ்ஸூரில் கிடைத்த ஈயத் தகட்டுக் கடிதங்களில் விரைவாகக் கீறியதும் ஒரே குறியாக இருக்கலாம், அதற்கு ஒரே யூனிகோடு எண் போதும். உண்மையிலேயே இல்லாத குறி என்றால், கிட்டத்தட்ட ஒத்த குறியைப் போட்டு நிரப்பாதீர்கள். டெஇஐ என்ற, பழைய நூல்களையும் கல்வெட்டுகளையும் பதிவதற்கான குறிமொழியில் குறிக்கென்று உள்ள உறுப்பைப் பயன்படுத்தி, படத்துக்கு இணைப்புக் கொடுத்து, இடத்தைக் காலியாக விடுங்கள். தனியார் பயன்பாட்டு எண் உங்கள் கணினிக்குள் இருக்கலாம், பகிரும் கோப்பில் வேண்டாம்.

சிதைந்த இடத்தில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி இருக்கும் அந்த மாற்றெழுத்தைச் சிலர் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். குறிமுறை தோற்றுப்போனதைச் சொல்ல மென்பொருள் பயன்படுத்தும் எழுத்து அது, பின்னால் திறப்பவருக்குக் கல் உடைந்ததா கோப்பு உடைந்ததா என்று தெரியாது. சிதைவைக் குறிமொழியில் எழுதுங்கள், எத்தனை குறி போயிருக்கும் என்ற மதிப்பீட்டோடு.